மனித குளோனிங்: உடலுக்கு ஆபத்தே இல்லை என்றானால் ஏற்றுக்கொள்வீர்களா?

செவ்வந்தி எழுதியது:

வணக்கம். மனித குளோனிங், அதாவது ஒருவருடைய மரபணுவை அப்படியே கொண்ட இன்னொருவரைப் பிறப்பிப்பது பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. "பாதுகாப்பான முறை இன்னும் வரவில்லை, ஆகவே கூடாது" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறோம். அப்படியென்றால் பாதுகாப்பான முறை கிடைத்த மறுநாளே சம்மதித்துவிடுவோமா? இதற்கு நேரான பதிலைத் தேடித்தான் எழுதுகிறேன்.

வளர்ந்த ஆட்டின் உயிரணுவிலிருந்து குளோனிங் வழியாகப் பிறந்த டாலி ஆட்டின் செய்தி 1997 பிப்ரவரியில் வெளியானது. அதே ஆண்டு யுனெஸ்கோ, மனிதரைப் பிறப்பிக்கும் குளோனிங் மனித மாண்புக்கு முரணானது, அதை அனுமதிக்கக் கூடாது என்று அறிவித்தது. அந்த மாண்பு எந்த இடத்தில், யாரிடத்தில் குலைகிறது என்பதை அந்த அறிவிப்பு விளக்கவில்லை. விளக்கப்படாத வாதத்துக்கு ஆயுள் குறைவு. நாளை ஒருவர் நலமான குழந்தை ஒன்றைக் கையில் ஏந்தி வந்து, "இதோ, எந்த மாண்பு குலைந்தது?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலுக்கு ஒரு குறையும் நேராது என்று உறுதியானாலும் நான் எதிர்ப்பேன். ஆனால் மூன்று சூழல்களில் என் மனம் தடுமாறுகிறது. ஒன்று, கணவன் மனைவி இருவருக்குமே கருமுட்டையோ விந்தணுவோ உருவாகாத நிலை. இரண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும் தாய் தந்தையர். மூன்று, எலும்பு மஜ்ஜை கிடைக்காமல் உயிருக்குப் போராடும் குழந்தைக்காகப் பொருத்தமான ஓர் உடன்பிறப்பை உருவாக்க நினைப்பவர்கள். இந்த மூவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதிலாக இருக்கட்டும். சர்வாதிகாரி உருவாக்கும் படைகளைப் பற்றிய கற்பனைகள் வேண்டாம்.

ஆழிமகன் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். 1978 ஜூலையில் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்தபோதும் மாண்பு குலைந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் உருவான பிள்ளை தன்னை மனிதப் பிறவியாகவே உணராது என்றார்கள். இன்று அந்த முறையில் பிறந்தவர்கள் நம்மோடு படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். பழகாத ஒன்றைக் கண்டால் எழும் அருவருப்பை அறத்தின் குரல் என்று எண்ணிவிடக் கூடாது.

"ஒரே மரபணு இருவருக்கா?" என்று பதறுவதிலும் பொருளில்லை. ஆயிரம் பிரசவங்களுக்கு மூன்று நான்கு என்ற கணக்கில் ஒத்த இரட்டையர் பிறந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் யாருடைய மாண்பு குறைந்துவிட்டது? குளோனிங் வழியாகப் பிறப்பவர் காலம் தள்ளிப் பிறந்த இரட்டையர், அவ்வளவே.

செவ்வந்தி சொன்ன முதல் சூழலையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் ரத்தத்தில் ஒரு பிள்ளை வேண்டும் என்பது மனித ஆசைகளில் மிகப் பழையது. அதற்கு வேறு வழியே இல்லாத இருவரைப் பார்த்து, எங்கள் மனம் கூசுகிறது என்பதால் உங்களுக்கு அனுமதி இல்லை என்று எந்த உரிமையில் சொல்கிறோம்?

நுண்ணோக்கி எழுதியது:

நான் உயிரணு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். "உடலுக்கு ஆபத்தே இல்லை என்றானால்" என்று தலைப்பில் இருக்கிறதே, அந்த நிலைக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதைப் பேசாமல் மேலே போக முடியாது. அங்கேதான் பெரும் சிக்கல் இருக்கிறது.

செய்முறை இதுதான். கருவுறாத முட்டை ஒன்றிலிருந்து மரபணுக்கள் இருக்கும் அதன் உட்கருவை நுண்ணிய ஊசியால் எடுத்துவிடுகிறோம். வளர்ந்த உடலிலிருந்து எடுத்த ஓர் உயிரணுவை அதனுள் வைத்து, மின்துடிப்பு கொடுத்து இணைக்கிறோம். டாலிக்கு அந்த உயிரணு ஆறு வயது ஆட்டின் பால்மடியிலிருந்து வந்தது. மடியின் உயிரணு பல ஆண்டுகளாக மடியாக மட்டுமே இருந்து பழகியது. வேண்டாத மரபணுக்களையெல்லாம் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டுகள் அனைத்தையும் முட்டையின் திரவம் சில மணி நேரத்தில் திறந்தாக வேண்டும். இயல்பான கருவில் தாய்வழி, தந்தைவழி என்று சில மரபணுக்களுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. அவை மட்டும் அழியாமல் இருக்க வேண்டும். அழிய வேண்டியது எல்லாம் அழிந்து, இருக்க வேண்டியது எல்லாம் இருப்பது அரிதாகத்தான் நடக்கிறது.

டாலிக்காக 277 முட்டைகளில் உயிரணுவை இணைத்தார்கள். 29 கருக்கள் கிடைத்தன. அவற்றை 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். 1996 ஜூலை 5 அன்று ஒரே ஒரு குட்டி பிறந்தது. மற்ற உயிரினங்களிலும் இதே கதைதான். நஞ்சுக்கொடி கோளாறுகள், அளவுக்கு மீறிப் பருத்த குட்டிகள், பிறந்த சில நாட்களில் நுரையீரலோ இதயமோ செயலிழந்து மடிந்தவை என்று ஆய்வுக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அழிந்துபோன பைரினீஸ் மலை ஆட்டினத்தை 2003-ல் குளோனிங் மூலம் மீட்க முயன்றார்கள். பிறந்த குட்டி நுரையீரல் குறைபாட்டால் சில நிமிடங்களில் இறந்துவிட்டது.

நமக்கு நெருங்கிய இனம் குரங்கு. ஷாங்காயில் பிறந்த சோங் சோங், ஹுவா ஹுவா என்ற இரண்டு குரங்குகளின் செய்தி 2018 ஜனவரியில் வந்தது. 79 கருக்களை 21 பெண் குரங்குகளில் வைத்து, ஆறு கருத்தரித்து, இரண்டு பிழைத்தன. அவை வளராத கருவின் உயிரணுக்களிலிருந்து வந்தவை என்பதைக் கவனியுங்கள். அதே குழு வளர்ந்த குரங்கின் உயிரணுக்களை வைத்தும் முயன்றது. 42 குரங்குகளில் கருக்களை வைத்தார்கள். பிறந்த இரண்டும் விரைவில் இறந்தன. செவ்வந்தி சொன்ன தம்பதியர் தரப்போவது வளர்ந்த உடலின் உயிரணுவைத்தான்.

பூங்குன்றன் எழுதியது:

டாலியே சீக்கிரம் முதுமை அடைந்து இறந்துவிட்டது என்று படித்தேன். குளோனிங் வழியாகப் பிறக்கும் எதற்கும் ஆயுள் பாதிதான் என்பது உண்மையா?

நுண்ணோக்கி எழுதியது:

இல்லை. டாலி 2003 பிப்ரவரியில், ஆறு வயதில், நுரையீரல் கட்டியால் நலிந்ததால் கருணைக்கொலை செய்யப்பட்டது. அந்தக் கட்டி ஆடுகளுக்கு வைரஸ் வழியாகப் பரவும் நோய். மூட்டுவாதமும் இருந்தது. ஆனால் டாலி வந்த அதே உயிரணுத் தொகுதியிலிருந்து பின்னால் பிறந்த நான்கு ஆடுகளையும் வேறு சில குளோனிங் ஆடுகளையும் சேர்த்துப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு முதல் ஒன்பது வயது வரை அவை மற்ற ஆடுகளைப் போலவே முதுமையடைந்திருந்தன. பிழைத்து வளர்ந்தவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. என் கவலை பிழைக்காதவற்றைப் பற்றியது.

ஆழிமகன் எழுதியது:

எண்களை மறுக்கவில்லை. ஆனால் எண்கள் மாறும். 2024 தொடக்கத்தில் ரீசஸ் குரங்கு ஒன்று குளோனிங் வழியாகப் பிறந்து மூன்று வயதைக் கடந்திருக்கிறது என்று அதே சீனாவிலிருந்து செய்தி வந்ததே. நஞ்சுக்கொடியாக வளரும் பகுதியை வேறு கருவிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். ஒரு கோளாறுக்குக் காரணம் தெரிந்தால் தீர்வும் பின்னால் வரும். முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையில் நோயாளி 18 நாட்கள்தான் வாழ்ந்தார். அதனால் அந்த மருத்துவமே கூடாது என்று விட்டுவிட்டோமா?

தேன்மொழி எழுதியது:

ஆழிமகன் ஐயா, நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டிலேயே விடை இருக்கிறது. அந்த நோயாளி வளர்ந்த மனிதர். சாவு நெருங்கிய நிலையில், நடக்கப்போவது என்னவென்று கேட்டறிந்து, சரி என்று சொன்னவர். மருத்துவத்தில் முதல் முயற்சிக்கு உள்ளாகும் ஒவ்வொருவரிடமும் நாம் கேட்டுப் பெறுவது அந்த ஒரு சம்மதத்தைத்தான். குளோனிங்கில் முதல் சோதனைக்கு ஆளாகப்போவது யார்? பிறக்கப்போகும் குழந்தை. அது குறைபாட்டோடு பிறந்தால் அந்தக் குறைபாட்டை வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போவதும் அதே குழந்தை. ஆசைப்பட்டவர்கள் வேறு, விலை கொடுப்பவர் வேறு.

ஆட்டிலும் குரங்கிலும் ஆயிரம் முறை வென்றாலும், மனிதரில் பாதுகாப்பானதா என்று அறிய மனிதக் குழந்தைகளைப் பிறப்பித்துத்தான் பார்க்க வேண்டும். முதல் பத்துக் குழந்தைகள், முதல் நூறு குழந்தைகள் அந்த அறிவுக்கான கட்டணமாகிவிடுவார்கள். ஆகவே "பாதுகாப்பானது என்று உறுதியான பிறகு" என்ற நிலைக்கு நேர்மையான பாதை கிடையாது. அதைச் சென்றடைய வேண்டுமானால், முதலில் யாரோ சில குழந்தைகளுக்கு அநீதி இழைத்தாக வேண்டும். செவ்வந்தி கேட்ட கேள்வி அந்த அநீதி முடிந்த பிறகு தொடங்குகிறது. நான் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறேன்.

ஆழிமகன் எழுதியது:

வலுவான வாதம். ஆனால் அந்தக் குழந்தையிடம் போய்க் கேளுங்கள். அதற்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டே: குறையோடு பிறப்பது அல்லது பிறக்காமலே இருப்பது. குளோனிங் நடக்காமல் இருந்தால் அந்தக் குழந்தையே இல்லை. வாழத் தகுந்த வாழ்க்கை ஒன்று கிடைத்த ஒருவருக்கு எப்படித் தீங்கு செய்தவர்கள் ஆகிறோம்? டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி 1980-களில் எழுப்பிய இந்தக் கேள்விக்கு இதுவரை எவரும் எல்லோரும் ஏற்கும்படி விடை சொல்லவில்லை.

தேன்மொழி எழுதியது:

அந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் அதை இங்கே பொருத்தினால் எதையும் நியாயப்படுத்திவிடலாம். மருந்தின் விளைவாகக் குழந்தை ஊனத்தோடு பிறக்கும் என்று தெரிந்தே, அந்த மருந்து இல்லாமல் கருவே தங்காது என்று சொல்லி ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அந்த மருந்து இல்லாவிட்டால் நீ பிறந்தே இருக்க மாட்டாய்" என்று பிறந்த பிள்ளையிடம் அவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அவர் செய்தது சரியாகிவிடுமா? செயலைச் செய்யும்போது அவர் கையில் என்ன தெரிந்திருந்தது, எதைப் பொருட்படுத்தாமல் விட்டார் என்பதை வைத்தே அவரை எடைபோடுவோம். பிறக்காத ஒருவருக்கு இந்த உலகத்தில் பிறந்தாக வேண்டும் என்ற உரிமை எதுவும் இல்லை. ஆகவே பிறப்பித்தது ஓர் உதவி என்று கணக்கில் வரவு வைக்க முடியாது. பிறந்தவருக்கோ உரிமைகள் உண்டு. பிறப்பிக்க நினைப்பவருக்கு அந்த உரிமைகள் பற்றிய கடமை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது.

யாழினி எழுதியது:

நான் ஒத்த இரட்டையரில் ஒருத்தி. இரட்டையரை எடுத்துக்காட்டாக வைத்து குளோனிங்கை ஆதரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றும்.

என் அக்கா என்னைவிடச் சில நிமிடங்கள் மூத்தவள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நடக்கக் கற்றோம், ஒரே ஆண்டில் பள்ளி முடித்தோம். அவளுக்குக் கணக்கு வந்தது, எனக்கு வரவில்லை. "உன் அக்கா போடுகிறாளே, உனக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்காத ஆசிரியர் இல்லை. உடன் பிறந்தவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான் இது. ஆனால் எங்கள் முகம் ஒன்று என்பதால் கேட்பவர்களுக்கு அது வெறும் ஒப்பீடாக இல்லை, எனக்கும் அந்தத் திறமை உள்ளே இருக்கிறது, நான்தான் வெளியே எடுக்க மறுக்கிறேன் என்ற குற்றச்சாட்டாகவே இருந்தது. அதிலிருந்து நான் தப்பித்ததற்குக் காரணம், எங்கள் இருவருக்கும் எதிர்காலம் ஒரே அளவுக்குத் தெரியாததாக இருந்ததுதான். அவள் என்ன ஆவாள் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

குளோனிங் வழியாகப் பிறக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. நாற்பது வயதில் முடி எப்படி நரைக்கும், ஐம்பதில் எந்த நோய் வரலாம், எந்தப் பாடத்தில் தோற்கும் என்று காட்ட ஒருவர் அதே வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவவாதி டாலிக்கு வெகுகாலம் முன்பே இதை எழுதியிருக்கிறார்: தன்னைப் பற்றி முன்கூட்டித் தெரியாமல் இருப்பது ஒருவருடைய உரிமை, தன்னைத் தானே கண்டுபிடிக்க அந்த அறியாமை தேவை. எனக்கு அந்த வரிகள் தத்துவமாகப் படவில்லை. என் பள்ளிப்பருவத்தை நினைவுபடுத்தின. "காலம் தள்ளிப் பிறந்த இரட்டையர், அவ்வளவே" என்று எழுதினீர்கள் ஐயா. அந்தக் காலத் தள்ளலில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

ஆழிமகன் எழுதியது:

யாழினி, உங்கள் அனுபவத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மரபணு விதியாகிவிடுவதில்லை. முதல் குளோனிங் பூனை 2001 இறுதியில் பிறந்தது. உயிரணு தந்த பூனை மூவண்ணம், குட்டியோ செம்மஞ்சள் நிறமே இல்லாமல் பிறந்தது. மயிரின் நிறத்தையே அப்படியே கொண்டுவர முடியாதபோது குணத்தையும் வாழ்க்கையையும் எப்படிக் கொண்டுவரும்?

யாழினி எழுதியது:

கொண்டுவராது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு அது தெரிந்திருக்குமா? வேறொருவராக வளர்வதில் அவர்களுக்குச் சம்மதம் இருந்தால் குளோனிங்கைத் தேடி ஏன் வந்தார்கள்?

பெயரிலி எழுதியது:

இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செவ்வந்தி சொன்ன இரண்டாவது சூழல் என்னுடையது. ஒன்பது வயதில் என் மகளை நோய்க்குப் பறிகொடுத்தேன்.

எங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள்: துயரத்தில் அறிவு மயங்கி, இறந்த பிள்ளை திரும்ப வரும் என்று நம்புகிறோமாம். நான் அப்படி ஒருநாளும் நம்பவில்லை. பிறப்பது அவள் இல்லை, அவளுக்கு ஒரு தங்கை என்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. எனக்குத் தாங்க முடியாதது வேறு. அவளுடைய சிரிப்பில் இடது கன்னம் மட்டும் குழியும். என் பாட்டிக்கும் அப்படித்தான். அந்தக் குழி இனி இந்த உலகத்தில் யாருக்கும் இல்லை. அவளோடு சேர்ந்து ஒரு வழியே அடைபட்டுப் போனது. அதைத் திறக்க ஏதாவது செய்ய முடியும் என்றால் ஒரு தகப்பன் கேட்காமல் எப்படி இருப்பான்? செய்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கேட்பதே பைத்தியக்காரத்தனம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தேன்மொழி எழுதியது:

ஐயா, அப்படி யாரும் சொல்ல மாட்டோம். எழுதியதற்கு நன்றி.

யாழினி எழுதியது:

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத வரவில்லை. நீங்கள் தெளிவாக எழுதியதால் நானும் தெளிவாகவே கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். அந்தத் தங்கைக்கு ஒன்பது வயது நிறையும் ஆண்டில் அந்த வீட்டில் என்ன நடக்கும்? ஒரு காய்ச்சல் வந்தால் உங்கள் முகத்தில் அவள் என்ன பார்ப்பாள்? பத்தாவது பிறந்தநாள் உங்களுக்கு விடுதலை. அவளுக்கோ, அதுவரை தான் யாருடைய வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தோம் என்று புரியும் நாள். வழக்கமாகப் பிறக்கும் தங்கையும் இந்த வீட்டுத் துயரத்துக்குள்தான் பிறப்பாள். ஆனால் அவள் முகம் அவளுடையதாக இருக்கும். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது அக்காவின் படத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

பெயரிலி எழுதியது:

பத்தாவது பிறந்தநாளைப் பற்றி நான் யோசித்ததில்லை. யோசிக்கிறேன் அம்மா.

கொன்றை எழுதியது:

இதுவரை பேசாத ஒரு தரப்பு இருக்கிறது. நுண்ணோக்கி 277 முட்டைகள் என்று எழுதினார், 42 குரங்குகள் என்று எழுதினார். மனிதரில் செய்தால் அந்த முட்டைகள் யாருடையவை? அந்தக் கருப்பைகள் யாருடையவை?

கருமுட்டை தானாகக் கையில் வந்து விழுவதில்லை. நாள்தோறும் ஹார்மோன் ஊசி போட்டு, சினைப்பையை அளவுக்கு மீறித் தூண்டி, மயக்க மருந்து கொடுத்து ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகும். குழந்தை வேண்டும் என்று தன் உடலில் இதைத் தாங்கும் பெண் வேறு. பணத்துக்காகவோ மேலதிகாரியின் முகத்துக்காகவோ தாங்கும் பெண் வேறு.

தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் விவகாரத்தை மறந்துவிட்டோம். குளோனிங் மூலம் மனிதக் கரு உருவாக்கி அதிலிருந்து குருத்தணுக்களை (உடலின் எந்த உயிரணுவாகவும் வளரக்கூடியவை) எடுத்ததாக 2004, 2005 ஆண்டுகளில் உலகப் புகழ்பெற்ற ஆய்விதழில் அவர் எழுதினார். தேசத்தின் நாயகன் ஆனார். எல்லாம் புனைவு என்று தெரிந்து 2006 ஜனவரியில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. மோசடியைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகள் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டன. சிலருக்குப் பணம் கொடுத்தார்கள். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளம் பெண்களே முட்டை கொடுத்திருந்தார்கள். பொய்யான ஓர் ஆய்வுக்காக அந்தப் பெண்கள் உடல் நொந்தார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

ஒரு குழந்தை பிறப்பதற்கு எத்தனை பெண்களுக்குக் கரு கலைய வேண்டும், எத்தனை பெண்கள் குறைப்பிரசவத்தில் அழ வேண்டும் என்று குரங்கு எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதற்கு முன்வரப்போவது வசதியான வீட்டுப் பெண்கள் அல்லர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பிள்ளை வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது என்று ஆழிமகன் எழுதினார். உண்மைதான். அந்த ஆசையின் சுமையை இன்னொருத்தி உடலில் இறக்கி வைப்பதும் அதே அளவுக்குப் பழையது.

பூங்குன்றன் எழுதியது:

அப்படியானால் மருத்துவத்துக்கான குளோனிங்கும் கூடாது என்கிறீர்களா? குழந்தை பிறப்பிக்காமல், கருவைச் சில நாட்கள் மட்டும் வளர்த்துக் குருத்தணு எடுப்பது?

கொன்றை எழுதியது:

முட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கும் பொருந்தும். மற்றபடி நான் எதிர்க்கவில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

இந்த இரண்டையும் பிரிக்காததால்தான் ஐ.நா. சபையே பிளந்தது. 2005 மார்ச்சில் மனித குளோனிங் பற்றிய அறிவிப்புக்கு ஆதரவாக 84 நாடுகள், எதிராக 34, நடுநிலை 37. எதிர்த்த நாடுகள் குழந்தை பிறப்பிக்கும் குளோனிங்கை ஆதரித்தவை அல்ல. அதில் உலகமே ஒன்றுபட்டிருந்தது. மருத்துவ ஆய்வையும் சேர்த்துத் தடுக்கும்படி வாசகம் இருந்ததால் எதிர்த்தன. இறுதியில் கிடைத்தது எவரையும் கட்டுப்படுத்தாத ஓர் அறிவிப்பு. ஒப்பந்தமாக வந்திருக்க வேண்டியது கைநழுவியது.

2006-ல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா எலியின் தோல் உயிரணுவைக் கருமுட்டையே இல்லாமல் குருத்தணுவாக மாற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனித உயிரணுவிலும் நடந்தது. மனித குளோனிங் கருவிலிருந்து உண்மையாகவே குருத்தணு எடுத்தது 2013-ல், அமெரிக்காவின் ஒரேகனில். அதற்குள் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் யமனாக்காவின் வழிக்கு மாறிவிட்டன.

செவ்வந்தியின் மூன்றாவது சூழலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மஜ்ஜைக்காக குளோனிங் என்பது மருத்துவப்படியே பொருந்தாது. குழந்தைக்கு மரபணுவால் வந்த ரத்த நோய் என்றால் குளோனிங்கில் பிறக்கும் குழந்தைக்கும் அதே நோய் இருக்கும். ரத்தப் புற்றுநோய் என்றால், முழுக்க ஒத்த மஜ்ஜை எஞ்சிய புற்றணுக்களை வேற்றாக எண்ணித் தாக்காது. அதனால் ஒத்த இரட்டையரின் மஜ்ஜையைப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். மேலும் பிறந்து வளரும் வரை நோயுற்ற குழந்தை காத்திருக்க வேண்டுமே.

மருதன் எழுதியது:

வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். ஒரு பெண் தன் உயிரணுவிலிருந்து ஒரு குழந்தையைப் பெறுகிறாள். மரபணுக் கணக்கில் அந்தக் குழந்தை அவளுக்கு மகள் அல்ல, தங்கை. குழந்தையின் மரபணுப் பெற்றோர் அந்தப் பெண்ணின் தாயும் தந்தையும். எழுபது வயதில் அவர்களுக்கு இன்னொரு மகள் பிறந்துவிட்டாள், அவர்களைக் கேட்காமலே. உயிரணுவுக்கு ஆற்றல் தரும், தனி மரபணுக்கள் கொண்ட மைட்டோகாண்ட்ரியா முட்டை தந்தவளிடமிருந்து வந்து குழந்தையின் உடலில் இருக்கிறது. சுமந்தவள் வேறொருத்தியாக இருக்கலாம். இவர்களில் யார் பெற்றோர், யாருடைய சொத்தில் பங்கு, யார் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் கேட்டால் இன்றைய சட்டங்களில் தெளிவான பதில் இல்லை.

இதைக் குளோனிங்குக்கு எதிரான வாதமாகச் சொல்லவில்லை. வாடகைத்தாய் முறையிலும் இத்தகைய சிக்கல்களைச் சட்டம் மெல்ல அவிழ்த்தது. என் கவலை தடைச் சட்டம் இயற்றுபவர்கள் விட்டுவிடும் இடத்தைப் பற்றியது. பிரிட்டன் 2001-ல் தடை விதித்துத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான தடைச் சட்டம் இல்லை, சில மாநிலங்களில் உண்டு. எங்கோ ஒரு மூலையில் சட்டம் இல்லாத நாட்டில் ஒருவர் செய்துவிடலாம். 2018-ல் மரபணு திருத்திய குழந்தைகளைப் பிறப்பித்த சீன ஆய்வாளரைச் சிறைக்கு அனுப்பினார்கள், சரி. ஆனால் அந்தக் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள்.

2002 டிசம்பரில் ரேலியன் மதக் குழுவோடு தொடர்புடைய குளோனெய்ட் என்ற நிறுவனம், குளோனிங் குழந்தை பிறந்துவிட்டது என்று அறிவித்தது. சான்று எதுவும் தரவில்லை, இன்றுவரை யாரும் நம்பவில்லை. அன்று உலகம் முழுவதும் எழுந்த கேள்வி "நிரூபிப்பார்களா?" என்பது. உண்மையாகவே பிறந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு, அதன் முகத்தைச் செய்தியாளர்களிடமிருந்து யார் மறைப்பது என்று பேசியவர்கள் மிகச் சிலர். தடைச் சட்டம் எழுதும்போதே, மீறிப் பிறக்கும் குழந்தை எந்த வகையிலும் குறைந்த மனிதர் அல்லர், அவருடைய பிறப்பு முறை எந்தப் பதிவேட்டிலும் வெளிப்படையாக இருக்கக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். மாண்பு என்று யுனெஸ்கோ சொன்னதை மிக அதிகமாகத் தேவைப்படுபவர் அந்தக் குழந்தைதான்.

செவ்வந்தி எழுதியது:

மருதன் சொன்ன பிரிவை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். "குளோனிங் மனித மாண்புக்கு எதிரானது" என்று நாம் முழங்கும்போது, நாளை பிறக்கக்கூடிய ஒருவர் காதில் "நீ மாண்புக்கு எதிரானவன்" என்று விழும். செய்தவரின் குற்றத்தையும் பிறந்தவரின் மதிப்பையும் பிரித்து எழுதாத எந்த எதிர்ப்பும் அரைகுறைதான்.

என் மூன்று சூழல்களில் மஜ்ஜைக்கு நுண்ணோக்கி விடை கொடுத்துவிட்டார். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு யாழினி கேட்ட கேள்வியைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. எஞ்சியிருப்பது முதல் சூழல்.

ஆழிமகன் எழுதியது:

அந்தச் சூழலை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தேன்மொழியின் வாதத்துக்குப் பிறகு, இன்றைய நிலையில் மனிதரில் முயல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். கொன்றை எழுதியது அதை இன்னும் உறுதியாக்குகிறது. ஆனால் செவ்வந்தியின் கேள்வி அதற்கு அப்பாலானது. முட்டைக்கு எந்தப் பெண்ணையும் வருத்தாமல், கரு கலையாமல் செய்ய முடியும் என்ற நாள் வந்தால், பிள்ளைக்கு வேறு வழியே இல்லாத அந்த இருவருக்கு நான் கதவைச் சாத்த மாட்டேன். யாழினி சொன்ன சுமை பெரியதுதான். ஆனால் அது வளர்ப்பவர்களின் மனத்தைப் பொறுத்தது. நல்ல மனத்தோடு வளர்ப்பவர்கள் இருக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுத எனக்கு விருப்பமில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

ஆழிமகன் ஐயா, அந்த நாள் வருவதற்குள் அந்த இருவருக்கு வேறு வழி வந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. ஜப்பானில் எலியின் சாதாரண உயிரணுவைக் குருத்தணுவாக்கி, அதிலிருந்து கருமுட்டையை வளர்த்து, 2012-லேயே குட்டிகள் பிறக்கச் செய்துவிட்டார்கள். 2023-ல் ஆண் எலியின் உயிரணுவிலிருந்தே முட்டை உருவாக்கினார்கள். மனிதரில் இன்னும் எட்டவில்லை. எட்டினால், கருமுட்டையோ விந்தணுவோ இல்லாத இருவரும் தங்கள் இருவருடைய கலப்பாகவே ஒரு பிள்ளையைப் பெறலாம். யாருடைய முகத்தோடும் பிறக்காத பிள்ளை.

தேன்மொழி எழுதியது:

அப்போதும் முதல் குழந்தையிடம் சம்மதம் கேட்க முடியாது. என் கேள்வி அங்கேயும் வந்து நிற்கும்.

ஆழிமகன் எழுதியது:

நிற்கட்டும் சகோதரி. அதையும் பேசுவோம். குளோனிங்கைவிட அதுதான் நம் காலத்திலேயே வாசலுக்கு வரும் என்று தோன்றுகிறது. நுண்ணோக்கி, அந்த எலி முட்டைகளில் எத்தனை கருவாகி எத்தனை பிழைத்தன என்று விரிவாக எழுத முடியுமா?

நுண்ணோக்கி எழுதியது:

2023 ஆய்வில் ஆண் எலியின் உயிரணுவிலிருந்து வந்த 630 கருக்களை வைத்ததில் பிறந்தவை ஏழு குட்டிகள். அவை இயல்பாக வளர்ந்தன, குட்டியும் போட்டன. மற்ற 623 பற்றித்தான் தேன்மொழி கேட்கிறார்.